வாவி நீரை நாமே அளந்து பதிய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (வலையிறவு):
மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே வளர்ந்தவள் நான். எங்கள் துறையருகே தண்ணீர் பச்சையாகிக் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், வாரந்தோறும் நீரின் நிலையைப் பதிவு செய்ய நான்கு பேர் சேர்ந்திருக்கிறோம். ஆய்வுகூட வசதியற்ற நாங்கள் எதை அளந்தால் பிறருக்கும் பயன்படும்?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:
மகள், கருவி வாங்குமுன் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். பகலில் பாசி ஒட்சிசனை வெளிவிடும்; இரவில் அந்தப் பாசியே அதைச் சுவாசித்துக் குறைத்துவிடும். ஆகவே மீன் சுவாசிக்கும், நீரில் கரைந்த ஒட்சிசன் விடியற்காலையில் மிகக் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் இருக்கும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் மறுவாரம் மாலை நான்கு மணிக்கும் அளந்தால், வாவி திடீரெனத் தேறிவிட்டது போன்ற பொய்த்தோற்றமே கிடைக்கும். மீன் செத்து மிதக்கும் காலத்தில் விடியற்காலை அளவை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்.

நீரின் தெளிவுக்குச் செக்கித் தட்டு போதும். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பூசி, அடியில் பாரம் கட்டி, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் மெல்ல இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். மறையுமுன் தரை தட்டினால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

படுவான்கரை விவசாயி:
ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆனால் வாவியை மட்டும் பார்த்தால் காரணம் விளங்காது. எங்கள் பக்கத்து உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு (மிகுநீரை வெளியேற்றும் கதவு) திறந்த நாள், பெரும்போகத்தில் பசளை எறிந்த நாட்கள், அதன்பின் பெய்த முதல் கடும் மழை ஆகியவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பாசியை வளர்க்கும் பசளை கலந்த எங்கள் வயல்களின் வடிச்சல் நீரும் வாவிக்குத்தான் வருகிறது என்பதை விவசாயியாகிய நானே சொல்கிறேன். எந்த வாரத்தில் எவ்வளவு வருகிறதென்று தெரிந்தால் நாங்களும் பசளையை அளவோடு இடலாம்.

மீனவர் மகள், பாலமீன்மடு:
அக்கா, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். அது திறந்தால் கடல்நீர் ஏறி உவர்ப்புக் கூடும்; மாரி வெள்ளத்தில் குறையும். இதைக் குறிக்காத பதிவைப் பின்னர் வாசிப்பவர்களால் எதனோடும் ஒப்பிட முடியாது.

தயவுசெய்து தண்ணீருக்குள் இறங்காதீர்கள், வாவியில் முதலை உண்டு. பாலத்திலோ தோணியிலோ நின்று வாளியை இறக்குங்கள். முதல் வாளித் தண்ணீரால் போத்தலை அலசி ஊற்றிவிட்டு, இரண்டாவது வாளியிலிருந்து அளப்பதற்கு எடுங்கள்.