பினாங்குல குயர் (ஒரே பாலின காதல், திருநர் கதாபாத்திரங்கள்) ஃபேன் ஆர்ட் வரையிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

நீலத்தூரிகை:
நான் பட்டர்வொர்த், வயசு 22. ஒரு அனிமேல வர்ற ரெண்டு பொண்ணுங்கள ஜோடியா வரைய ஆரம்பிச்சப்பதான் எனக்கே என்னைப் பத்தி புரிஞ்சுச்சு, ஆனா வீட்டுல சொல்லவே முடியாது, சொந்தக்காரங்க, கோயில் கமிட்டி எல்லாரும் ஒரே தாமான் (குடியிருப்பு). தமிழ்ல பேசுற என்ன மாதிரி ஆளுங்கள எங்க தேடுறது? யாருன்னு தெரியாம எப்படி போஸ்ட் பண்றது?

மழைக்குயில்:
தங்கச்சி, மொதல்ல தனியா ஒரு இமெயில் திறந்துக்கோ, போன் கான்டாக்ட் சிங்க் ஆகுறத கண்டிப்பா ஆஃப் பண்ணு, இல்லனா இன்ஸ்டா உன்ன உன் மாமா பையனுக்கே காட்டிடும். கதை எழுதுறதா இருந்தா ஏஓ3 போ, ரசிகருங்க எழுதுற கதைங்கள போடுற வெப்சைட், 2009லேர்ந்து இருக்கு, விளம்பரம் கெடையாது, வாலண்டியர்ஸ்தான் நடத்துறாங்க, புனைபேரு போதும், எந்த மொழியிலயும் போடலாம்.

கேஎல்_பையன்:
டிசம்பர்ல கோலாலம்பூர் கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டர்ல காமிக் ஃபியஸ்டா, அதான் அனிமே, காமிக்ஸ் விழா, நடக்கும், ஆர்ட்டிஸ்ட் மேசைல ஸ்டிக்கர் வாங்குறப்ப பேச்சு தானா வரும். ஆனா ஜாக்கிரதை மா, "இயற்கைக்கு முரணான" உடலுறவ தண்டிக்கிற 377பி பிரிவு இன்னும் மலேசிய சட்டத்துல இருக்கு, 20 வருஷம் வரைக்கும் ஜெயில். முகம், யூனிவர்சிட்டி பேரு எதுவும் போடாத.

தண்ணீர்மலையான்:
நான் திருநம்பி. என் கேரக்டர வேட்டி கட்டி, காவடி எடுத்து தைப்பூசத்துல நடக்குற மாதிரி வரைஞ்சேன், ஈப்போலேர்ந்து முன்னபின்ன தெரியாத ஒருத்தர் "இது நான்தான்"னு கமெண்ட் போட்டாரு, அன்னிக்கி ராத்திரி பூரா அழுதேன், சந்தோஷத்துலதான். இப்ப அவரு எனக்கு அண்ணன் மாதிரி. உன் ஜோடிக்கும் பாவாடை தாவணி போட்டு வரைஞ்சு பாரேன், எனக்கு பாக்கணும்.