வெலிகி நோவ்கோரட்: ஒரு சனி, ஞாயிறு போதுமா?

மூன்றாமாண்டு:
வணக்கம். பீட்டர்ஸ்பர்கில் மருத்துவம் படிக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு ஓய்வாகக் கிடைக்கிறது. ஹெர்மிடாஜ், பீட்டர்ஹாஃப் எல்லாம் சீனியர்கள் தயவில் பார்த்தாயிற்று. ஜார் மன்னர்களின் அரண்மனைகளுக்கு முந்தைய ரஷ்யாவைப் பார்க்க ஆசை, அதனால் நோவ்கோரட். கூட வரும் நண்பனோ, "எல்லாம் சர்ச்சுதான், மத்தியானத்துக்குள் அலுத்துவிடும், ராத்திரியே திரும்பிவிடலாம்" என்கிறான். ஓர் இரவு தங்கும் அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா? அவன் சைவம் வேறு.

வோல்கவ்கரை அக்கா:
தங்கு தம்பி. சர்ச் அலுக்கும் என்று உன் நண்பன் சொல்வதும் சரிதான். நானும் நாலாவது சர்ச்சிலேயே கணக்கை விட்டுவிட்டேன். ஆனால் நான் இந்த ஊருக்குப் போகச் சொல்வது சர்ச்சுக்காக இல்லை, பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களுக்காக.

நம் ஓலையில் எழுத்தாணியால் கீறுவது போல அங்கே மரப்பட்டையில் கீறியிருக்கிறார்கள். மை கிடையாது. ஈர மண்ணுக்குள் காற்றுப்படாமல் கிடந்ததால் பட்டை மக்கவில்லை. 1951இல் முதல் கடிதம் கிடைத்தது, இப்போது ஆயிரத்துக்கும் மேல். கடன் பாக்கி, வீட்டுச் சச்சரவு, கல்யாணப் பேச்சு என்று எல்லாம் சாதாரண ஜனங்களின் விவகாரம். அதில் ஒன்ஃபிம் என்று ஒரு பொடியன். 13ஆம் நூற்றாண்டு, வயது ஆறேழு இருக்கலாம் என்கிறார்கள். அரிச்சுவடியை எழுதிக்கொண்டே வந்தவன் பாதியில் விட்டுவிட்டு, குதிரைமேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து பக்கத்தில் தன் பெயரையே எழுதிக்கொண்டான்! இன்னொரு பட்டையில் வால் சுருண்ட ஒரு பிராணி, "நான் காட்டு மிருகம்" என்ற எழுத்தோடு. அவன் வரையும் மனிதர்களுக்குக் கை புல்வாரி மாதிரி இருக்கும். விரல் மூன்றா, ஐந்தா என்பதெல்லாம் அவன் இஷ்டம். போவதற்கு முன் இந்தப் படங்களை இணையத்தில் பார்த்து வைத்துக்கொள். கிரெம்ளினுக்குள் (அந்த ஊர்க் கோட்டை, மாஸ்கோவில் இருப்பது இல்லை) இருக்கும் அருங்காட்சியகத்தில் பட்டைகளின் முன் நிற்கும்போது அவசரப்படமாட்டாய்.

அதே வளாகத்தில்தான் புனித சோஃபியா பேராலயம், 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. நடுக் கோபுரத்துச் சிலுவையில் ஒரு ஈயப் புறா உட்கார்ந்திருக்கும். பழைய சிலுவையை இரண்டாம் உலகப் போரில் ஸ்பெயின் படையினர் கொண்டுபோய்விட்டார்கள், 2004இல்தான் திரும்பி வந்தது. இப்போது அது உள்ளே இருக்கிறது, மேலே இருப்பது நகல். மேற்கு வாசலின் வெண்கலக் கதவு ஜெர்மனியில், மாக்டபர்கில் வார்த்தது. வழிபாடு நடக்கும் இடம், தொப்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

எதிரே 1862இல் வைத்த 'ரஷ்யாவின் ஆயிரமாண்டு' நினைவுச்சின்னம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள், ஆனால் ஜார் மன்னன் இவான் தி டெரிபிளை மட்டும் தேடாதே. 1570இல் இந்த ஊரைச் சூறையாடியவனுக்கு இங்கே யார் சிலை வைப்பார்கள்?

ஞாயிறு காலை யூரியெவ் மடாலயமும் பக்கத்து வித்தோஸ்லாவ்லிட்ஸி திறந்தவெளி அருங்காட்சியகமும். பல கிராமங்களிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்திய மர வீடுகள், மரக் கோயில்கள். பெரெத்கி கிராமத்துக் கோயில் 1531ஆம் ஆண்டினது. மூலையில் மரக்கட்டைகள் ஒன்றையொன்று கவ்வியிருப்பதைக் கிட்டப் போய்ப் பார். இதற்காகத்தான் தங்கச் சொல்கிறேன், ஒரே நாளில் இரண்டையும் அடக்கினால் ஓட்டம்தான் மிஞ்சும்.

டிக்கெட் கவனம்:
அக்கா சொன்னதற்கு மேல் ரெண்டு நடைமுறை விஷயம். டிக்கெட் எடுக்கும்போது நிஷ்னி நோவ்கோரட்டைத் தட்டிவிடாதீர்கள், அது மாஸ்கோவுக்குக் கிழக்கே வேறு ஊர். உங்களுக்கு வேண்டிய ஸ்டேஷன் பெயர் நோவ்கோரட்-நா-வோல்கவே. பீட்டர்ஸ்பர்கின் மாஸ்கோவ்ஸ்கி ஸ்டேஷனிலிருந்து லாஸ்தொச்கா ரயிலில் சுமார் மூன்று மணி நேரம்.

பாஸ்போர்ட், மைக்ரேஷன் கார்டு, மாணவர் அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே உங்களைப் பதிவு செய்வார்கள். திரும்பியதும் அந்தச் சீட்டை உங்கள் வெளிநாட்டு மாணவர் பிரிவில் காட்டிவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த விசா கார்டு, மாஸ்டர் கார்டு இங்கே ஓடாது, ரஷ்யாவின் மிர் கார்டு அல்லது ரூபிள் ரொக்கம்தான்.

மூன்றாமாண்டு:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஒன்ஃபிம் படத்தைக் காட்டியதும் நண்பன் வழிக்கு வந்துவிட்டான். சைவத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். குளிர் எப்படி இருக்கும்?

வோல்கவ்கரை அக்கா:
ஸ்தலோவயாவில் (சாதாரண உணவகம்) கிரெச்கா என்ற பக்வீட் தானியம், வினிகிரெட் என்ற பீட்ரூட் சாலட், உருளைக்கிழங்கு கிடைக்கும். போர்ஷ் என்ற பீட்ரூட் சூப் வேண்டுமென்றால் இறைச்சி சாறா என்று கேட்காமல் தட்டில் வாங்காதே, பெரும்பாலும் இறைச்சி சாறுதான். ஏப்ரலில் வெயில் அடித்தாலும் ஆற்றங்கரைக் காற்று காதைப் பிடுங்கும், தொப்பி வேண்டும். சனி சாயங்காலம் நடைபாலத்தில் வோல்கவ் ஆற்றைத் தாண்டி, பழைய சந்தை இருந்த யாரஸ்லாவ் முற்றத்துக்குப் போங்கள். அந்தப் பக்கம் கால் வலித்துச் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. உன் நண்பனுக்கு அவளைப் பிடிக்கும்.

அப்புறம், ரஷ்ய அருங்காட்சியகங்களில் வார விடுமுறை போக மாதம் ஒருநாள் துப்புரவுக்கென்றே மூடுவார்கள். கிளம்புமுன் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடு.