பெரிய பள்ளியா, சின்னப் பள்ளியா: மூன்று வயது மகளை எதில் சேர்ப்பது?

மூன்று வயது மகளின் அம்மா:
மகளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. எங்கள் புறநகரில் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு தனியார் மழலையர் பள்ளிகள். ஒன்று பல கிளைகள் உள்ள பெரியது. வகுப்பில் 24 குழந்தைகள், ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். கேமராவைக் கைபேசியிலேயே பார்க்கலாம், மாலை ஆறு மணி வரை வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. 14 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள், பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். வாசலில் 'மான்டிசோரி' (குழந்தை தானே சாமான்களைக் கையாண்டு கற்கும் முறை) என்று பலகை இருக்கிறது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
பெரிய பள்ளிதான், யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டரைக்கு அப்புறம் குழந்தை எங்கே இருக்கும்? ஒரே நாளில் இரண்டு இடம், இரண்டு விதமான ஆட்கள் என்றால் மூன்று வயதுக்கு அது பெரிய அலைச்சல். என் மூத்தவனை அப்படித்தான் அனுப்பினோம். மாலையில் காரணமே இல்லாமல் அழுவான். இன்னொன்று, வீட்டுக் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா? குழந்தையைக் கூட்டிப் போக வருபவர் யார் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்களா? அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும் போதாது.

மழலை ஆசிரியை:
பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். 24 பேருக்கு இரண்டு பெரியவர்கள் என்றால் தலைக்குப் பன்னிரண்டு. அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் கல்விக்கான என்ஏஇஒய்சி என்ற அமைப்பு, நான்கு வயதுக்கே ஒரு பெரியவருக்குப் பத்து, ஒரு குழுவில் இருபதுக்கு மேல் வேண்டாம் என்கிறது. உங்கள் மகளுக்கு மூன்றுதான்.

இதை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பாள், அதே நேரம் இன்னொருவன் தண்ணீரைக் கொட்டியிருப்பான். உதவியாளர் அங்கே போனால் மிச்சம் 22 பேரோடு ஆசிரியை தனியாக நிற்பார். அப்போது அவர் வாயில் வருவது "உட்கார், வரிசையில் நில், சத்தம் போடாதே" மட்டும்தான். குழந்தை ஒன்று சொல்ல, நாம் அதற்குப் பதில் சொல்ல, அது மறுபடியும் சொல்ல, அப்படித்தான் மொழி வளர்கிறது. பெரிய கூட்டத்தில் அது முதலில் கிடைக்காமல் போவது சத்தம் போடாத குழந்தைக்கு.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
சரி, எண்ணிக்கையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றாம் வகுப்புக்குப் போனால் எழுதத் தெரிய வேண்டுமே? என் இளையவன் பெரிய பள்ளியில் நாலு வயதிலேயே எழுத்தெல்லாம் எழுதினான்.

மழலை ஆசிரியை:
நீங்கள் சொல்வது நாலு வயதுக் கணக்கு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கைக்குப் பென்சிலைக் கொடுத்துக் கோடு கோடாக எழுதச் சொன்னால் குழந்தை எழுதத்தான் செய்யும், ஆனால் முஷ்டியால் இறுக்கிப் பிடித்து எழுதும். அந்தப் பிடியை மாற்ற அப்புறம் படாத பாடு படுவோம். களிமண் பிசையட்டும், கிளிப் மாட்டட்டும், தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றட்டும். எழுதுவதற்கான கை அங்கேதான் தயாராகிறது.

பலகையை நம்பாதவர்:
'மான்டிசோரி' என்ற பெயரை நம்பிச் சேர்த்து ஒரு வருடம் இழந்தவள் நான். அந்தப் பெயருக்குத் தனி உரிமை கிடையாது. அது பொதுச்சொல் என்று அமெரிக்காவில் 1967-லேயே முடிவானது. உண்மையா என்று பார்க்க வழி உண்டு: மூன்று முதல் ஆறு வயது வரை ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா? சாமான்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? காலையில் மூன்று மணி நேரமாவது மணி அடித்துக் குறுக்கிடாமல் குழந்தைகளை அவர்கள் போக்கில் விடுகிறார்களா?

இன்னொன்று. இந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி 1907-ல் ரோமில் தொடங்கிய முதல் பள்ளி ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். அதனால் வீட்டில் நடப்பது குறையில்லை. நேரத்தைப் பற்றி அப்பா கேட்பதும் நியாயமான கேள்விதான்.

மூன்று வயது மகளின் அம்மா:
நேற்று இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் பத்து மணிக்குப் போனேன். பெரிய பள்ளியில் அந்த வகுப்புக்கு இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆசிரியையாம். கேட்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. சின்னப் பள்ளியில் இருவரும் ஆறு வருடமாக இருக்கிறார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒரு பையன் செருப்பு மாட்டி முடிக்கும் வரை கை வைக்காமல் காத்திருந்தார். என் மனம் அங்கேயே போய்விட்டது. ஆனால் பின்கதவுக்கு முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சொன்னதும் முகம் சுளிக்கவில்லை, இந்த வாரமே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். மதியத்துக்கு என் அம்மா ஆறு மாதம் வந்து இருக்கச் சம்மதித்திருக்கிறார். அதன் பிறகு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
பாட்டி இருந்தால் என் பாதிக் கவலை போய்விட்டது. பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை போய், அந்தக் கதவை நீங்களே உங்கள் கையால் திறந்து பாருங்கள்.