அப்பாவின் ராணுவப் பதக்கங்களை மகள் அணியலாமா?

கேள்வி (ஹவில்தார் மகள்):
வணக்கம். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்த அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். டிசம்பர் 16 அன்று போர் நினைவிடத்தில் நடக்கும் அஞ்சலிக்கு அம்மாவுடன் போகிறேன். அவருடைய பதக்கங்களை நான் அணிந்து போகலாமா? அதோடு, மேற்கு எல்லைப் போருக்கான பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தை மட்டும் காணோம். கடையில் வாங்கி மாட்டினால் தப்பா?

பழைய சுபேதார்:
தாராளமாக அணியலாம் அம்மா, ஆனால் வலது மார்பில். இடது மார்பு பதக்கத்தைச் சம்பாதித்தவருக்கு உரியது. நினைவிட அஞ்சலியிலும் இறுதிச் சடங்கிலும் குடும்பத்தார் வலது பக்கம் அணிந்துகொள்ள ராணுவமே அனுமதித்திருக்கிறது. முழுப் பதக்கங்களையே குத்துங்கள், சீருடையில் தினமும் போடுகிற ரிப்பன் பட்டை வேண்டாம். அப்பா கோத்து வைத்த வரிசையையும் மாற்றாதீர்கள், அதற்கும் முறை இருக்கிறது. 1971 போர்க்காலத்தில் பணியில் இருந்ததற்கான சங்கிராம் மெடல் முன்னால் வரும், அப்புறம் கடினமான பகுதிகளில் பணி செய்ததற்கான சைன்ய சேவா, 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த சுதந்திர வெள்ளி விழாப் பதக்கம், கடைசியில் ஒன்பது வருடப் பணிக்கானது. சைன்ய சேவா ரிப்பனில் இந்தியில் இடப்பெயர் பொறித்த சின்ன உலோகப் பட்டை இருந்தால், அவர் எந்தப் பகுதியில் பணி செய்தார் என்பது அதிலேயே தெரியும்.

கன்டோன்மென்ட் பையன்:
கடைப் பதக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். அரசு கொடுக்கும் பதக்கம் கைக்கு வர வருடக்கணக்கில் ஆகும் என்பதால், பணியில் இருக்கும் வீரர்களே கடையில் நகல் வாங்கிக் குத்திக்கொள்வது சகஜம். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பதக்கம் உண்டு என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பணி விவரப் புத்தகம்) பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பழைய சுபேதார்:
தம்பி சொல்வது சரிதான், ஆனாலும் அஞ்சலிக்கு இருப்பதை மட்டும் அணிந்து போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பதிவு இருந்தால் வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும், அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு சர்வீஸ் நம்பரோடு எழுதிக் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவி செய்வார்கள்.

ஹவில்தார் மகள்:
ரொம்ப நன்றி ஐயா. புத்தகத்தில் பஸ்சிமி ஸ்டார் பதிவாகியிருக்கிறது! பதக்கங்களின் விளிம்பில் அப்பாவின் நம்பரும் பெயரும் பொறித்திருப்பதை இன்றுதான் பார்த்தேன். கறுத்திருக்கிறது, பாலிஷ் போடட்டுமா?

பழைய சுபேதார்:
வேண்டவே வேண்டாம். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் முதலில் மழுங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் நைந்திருந்தால் மட்டும் புதிதாக மாற்றுங்கள்.