80-ஆம் போர்ட்டைப் பிடித்திருப்பது யார்? ஸாம்ப் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற அக்காமாருக்கு, ஆர்டர்களைப் பதிந்து வைக்க பிஎச்பி மொழியில் சின்னதாக ஒரு தளம் எழுதுகிறேன். சேரன்மகாதேவியில் வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10, அதில் ஸாம்ப் (XAMPP; அப்பாச்சி வெப் சர்வரும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு) போட்டாச்சு. மைஎஸ்கியூஎல் 3306-ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) ஒழுங்காக ஓடுகிறது. அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நொடி பச்சை, உடனே அணைந்து சிவப்பு எழுத்து வருகிறது. எந்தப் போர்ட்டை எது பிடித்திருக்கிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில் பார்த்தால், அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஐப் பிடித்திருப்பது பிஐடி (ப்ராசஸ் எண்) 4, அதாவது விண்டோஸின் சிஸ்டம். ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்டின் வெப் சர்வர்) இதில் போடவே இல்லை.

அப்பாச்சி அமைப்பில் லிசன் 8080 என்று போர்ட்டை மாற்றினால் ஓடும், சரி. ஆனால் அக்காமார் போனில் சோதிக்கும்போது முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் (:) எண்ணும் அடிக்கத் திணறுகிறார்கள். அவர்களுக்கு அது சுலபமாக இருக்க வேண்டும்.

சிஸ்டத்துக்குப் பின்னால் எந்த சர்வீஸ் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறுத்தினால் வேறெதுவும் கெடுமா? பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது இருந்தால் சிபியூவைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வருகிறேன்.