அட்டை இல்லாமல் பூத்துக்குப் போனால் ஓட்டு உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அம்மாவின் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, பட்டியலில் பேர் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் மாமா பையன், அங்கே அட்டை இல்லாதவர்களுக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு தருவார்கள், தேர்தல் முடிந்து 3 நாளுக்குள் அடையாளம் காட்டினால் எண்ணுவார்கள் என்கிறான். இங்கே அப்படி உண்டா?

சித்தூர் மணி:
இல்லைங்க. அமெரிக்காவில் 2002 சட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. நமக்கு அது தேவையும் இல்லை, ஆதார், பான், லைசென்ஸ், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறுநாள் வேலை அட்டை, இதில் ஏதாவது ஒன்று போதும். பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் விடமாட்டார்கள், அதை நம்பிப் போகாதீர்கள்.

வேலந்தாவளம் அக்கா:
டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருக்கே?

சித்தூர் மணி:
அது வேறக்கா. நம்ம பேரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டால் 49P விதிப்படி மெஷினில் இல்லாமல் சீட்டில் போடுவது. கவரில் வைத்து மூடிவிடுவார்கள், சாதாரண எண்ணிக்கையில் சேராது, கோர்ட் சொன்னால்தான் திறப்பார்கள். அதற்கும் நீங்கள் யார் என்று முதலில் நிரூபிக்கணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரி, அம்மாவிடம் ஆதார் இருக்கு. ஆனால் அதில் இனிஷியல் வேற.

வேலந்தாவளம் அக்கா:
சின்ன எழுத்துப் பிழையெல்லாம் பார்க்கமாட்டார்கள், ஆள் தெரிந்தால் சரி. பாஸ்புக்கையும் கையில் கொடுத்து அனுப்புங்க தம்பி.