8 ஜிபி ஷேர்ட் மெமரி: குறைக்கலாமா, கூடாதா?

ஜூரோங்வாசி:
சிங்கப்பூர் தேக்கா கடைகளின் ஆர்டர்கள் வரும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர். 32 ஜிபி ரேம், ஷேர்ட் பஃபர் (எல்லா புராசஸும் பொதுவாகப் பயன்படுத்தும் மெமரி) 8 ஜிபி, 300 கனெக்‌ஷன். மத்தியானம் ஆனால் ஸ்வாப் (ரேம் போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளுவது) ஏறி, திணற ஆரம்பித்துவிடுகிறது. புராசஸ்களின் மெமரியைக் காட்டும் டாப் கமாண்டில் ஒவ்வொரு புராசஸும் 7 ஜிபி காட்டுகிறது. ஷேர்ட் பஃபரை 2 ஜிபி ஆக்கிவிட வேண்டியதுதான்.

தெம்பனிஸ் அண்ணன்:
தம்பி, கனெக்‌ஷனுக்கு ஒரு புராசஸ், அந்த 7 ஜிபியை 300 ஆல் பெருக்கிப் பாருங்கள். 2,100 ஜிபி! இருப்பதோ 32. ஒரே பக்கத்தை (மெமரியின் சிறு துண்டு) ஒவ்வொரு புராசஸின் கணக்கிலும் சேர்த்து எண்ணுவதால் வரும் தொகை அது. பிஎஸ்எஸ் என்ற அளவைப் பாருங்கள், பொதுப் பக்கங்களைப் பங்கு பிரித்துக் காட்டும். பக்கங்கள்தான் பொது, எந்தப் பக்கம் ரேமில் எங்கே என்று குறிக்கும் பேஜ் டேபிள் புராசஸுக்குப் புராசஸ் தனி. 4 கேபி பக்கத்துக்கு அதில் 8 பைட் எண்ட்ரி என்றால், 8 ஜிபிக்கு 16 எம்பி.

ஜூரோங்வாசி:
அண்ணே, தொடாத பக்கத்துக்கு எண்ட்ரியே கிடையாது. பக்கத்தை முதலில் தொட்டு, பேஜ் ஃபால்ட் வந்த பிறகுதான் கெர்னல் அதை எழுதும். 16 எம்பி எல்லாம் காகிதக் கணக்கு.

தெம்பனிஸ் அண்ணன்:
சரி, ஆனால் ஷேர்ட் பக்கத்தைத் தொட்டால்தானே டாப்பில் 7 ஜிபி ஏறும்? அப்படியானால் எண்ட்ரிகளும் விழுந்தாயிற்று. ஆளுக்கு 14 எம்பி, 300 பேருக்கு 4 ஜிபிக்கு மேல். கனெக்‌ஷன் நாள் முழுக்க உயிரோடு இருந்தால் இப்படித்தான் வீங்கும். லினக்ஸின் மெம்இன்ஃபோ கோப்பில் பேஜ்டேபிள்ஸ் வரியைப் பாருங்கள்.

ஜூரோங்வாசி:
பார்த்தேன், 4.1 ஜிபி. அப்போதும் குற்றவாளி 300 கனெக்‌ஷன்தான். பிஜிபவுன்சர் (சில கனெக்‌ஷனைப் பலருக்குப் பகிர்ந்து தருவது) போட்டு 40 ஆக்கினால் தீர்ந்தது. 4 கேபிக்குப் பதில் 2 எம்பி பக்கம், அதாவது ஹியூஜ் பேஜ், போடலாம் என்பீர்கள்; அது ஸ்வாப்புக்குப் போகாது, ஒதுக்கிய ரேம் ஒதுக்கியதுதான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஈசூன்காரி:
டேட்டாபேஸ் பஃபர் ஸ்வாப்புக்குப் போகாமல் இருப்பது நல்லதுதானே? 2 எம்பி பக்கத்தில் 8 ஜிபிக்கு வெறும் 4,096 எண்ட்ரி, அதாவது 32 கேபி. டிஎல்பி (பக்க முகவரிகளை சிபியு வைத்திருக்கும் சிறு கேஷ்) மிஸ்ஸும் குறையும். ஆனால் ஹியூஜ் பேஜஸ் செட்டிங்கை 'ட்ரை' என்று விடாதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்கே திரும்பிவிடும். 'ஆன்' போடுங்கள், கிடைக்காவிட்டால் சர்வர் எழவே எழாது, உடனே தெரிந்துவிடும். அப்புறம், பூட் ஆகும்போதே ஒதுக்குங்கள். பிறகு கேட்டால் ரேம் துண்டு துண்டாகிக் கிடக்கும்.

தெம்பனிஸ் அண்ணன்:
பவுன்சரை டிரான்சாக்‌ஷன் மோடில் (ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் கனெக்‌ஷன் அடுத்தவருக்கு) வைத்தால், ஒரே கனெக்‌ஷனை நம்பும் செஷன் லாக், லிசன் (அறிவிப்புக்குக் காத்திருக்கும் கட்டளை) இரண்டும் உடையும். புரோகிராம் கோடு முழுக்கத் துழாவ வேண்டும். தீபாவளிக்கு முன் அதில் கை வைக்கவே கூடாது.

ஜூரோங்வாசி:
எங்கள் கோடில் லிசன் ஒரே இடத்தில்தான். அதை மட்டும் நேரடி கனெக்‌ஷனில் விட்டால் போதும். நான் பவுன்சர் பக்கம்தான்.